செங்கோணமில்லா முக்கோணங்களின் தீர்வு

செங்கோணமில்லா முக்கோணங்களின் தீர்வு என்பது, 90° கோணம் இல்லாத ஒரு முக்கோணத்தில் தெரிந்த சில அளவுகளைக் கொண்டு மற்றப் பக்கங்களையும் கோணங்களையும் முக்கோணவியல் விதிகளின் துணையுடன் காண்பதாகும். ஒரு முக்கோணத்துக்கு மூன்று பக்கங்களும் மூன்று கோணங்களும் என ஆறு உறுப்புகள் உண்டு. அவற்றுள் குறைந்தது ஒரு பக்கம் உட்பட மூன்று உறுப்புகள் தெரிந்தால், எஞ்சிய மூன்றையும் பெரும்பாலான நிலைகளில் கணித்துவிடலாம்.

செங்கோண முக்கோணங்களுக்குப் பிதாகரசு தேற்றமும் எளிய முக்கோணவியல் விகிதங்களுமே போதும். ஆனால் வயல், மனை, ஏரிக்கரை, ஆற்றின் இரு கரைகள் ஆகியவற்றை அளக்கும்போது கிடைக்கும் முக்கோணங்கள் பெரும்பாலும் செங்கோண முக்கோணங்களாக அமைவதில்லை. ஆகவே நில அளவையின் அடிப்படைக் கணக்காக இது விளங்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் வாலாஜாபாத், ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் 1990களின் பிற்பகுதி முதல் விளைநிலங்கள் பல தொழிற்சாலைகளாகவும் மனைகளாகவும் மாறியுள்ளன. சென்ட் கணக்கில் நிலம் விலை பேசப்படும் இத்தகைய இடங்களில், முக்கோணத்தைச் சரியாகத் தீர்ப்பதும் தீர்க்காததும் பணக்கணக்கில் நேரடியாகத் தெரியும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

குறியீடுகள்

இக்கட்டுரையில் முக்கோணத்தின் உச்சிகள் க, ச, த எனவும், அவ்வுச்சிகளிலுள்ள கோணங்களும் அதே எழுத்துகளாலும் குறிக்கப்படுகின்றன. கோணம் க-வுக்கு எதிரேயுள்ள பக்கம் அ, கோணம் ச-வுக்கு எதிரேயுள்ள பக்கம் ஆ, கோணம் த-வுக்கு எதிரேயுள்ள பக்கம் இ ஆகும். மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180° என்பதால், இரண்டு கோணங்கள் தெரிந்தால் மூன்றாவது தானே கிடைத்துவிடும்.

அடிப்படை விதிகள்

சைன் விதி

அ / சைன் க = ஆ / சைன் ச = இ / சைன் த

உச்சி த-விலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு செங்குத்துக்கோடு வரைந்தால், அதன் நீளத்தை ஆ × சைன் க எனவும் எழுதலாம். அ × சைன் ச எனவும் எழுதலாம். இரண்டும் ஒரே கோட்டின் நீளம் என்பதால் அவை சமம். இதிலிருந்து சைன் விதி பெறப்படுகிறது. பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் இருக்கும் என்ற எளிய உண்மைக்கு இவ்விதி அளவு வடிவம் தருகிறது.

கொசைன் விதி

அ² = ஆ² + இ² − 2 × ஆ × இ × கொசைன் க

கோணம் க செங்கோணமாக இருந்தால் கொசைன் க சுழியாகிவிடும். அப்போது எஞ்சுவது பிதாகரசு தேற்றமே. கோணம் விரிகோணமாயின் கொசைன் எதிர்ம எண்ணாகும். ஆகவே அ² கூடும். குறுங்கோணமாயின் அ² குறையும். எனவே கொசைன் விதியைப் பிதாகரசு தேற்றத்தின் பொதுமையாக்கம் எனக் கொள்ளலாம்.

பரப்பளவு

இரு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் தெரிந்தால்:

பரப்பளவு = ½ × ஆ × இ × சைன் க

மூன்று பக்கங்கள் மட்டும் தெரிந்தால் ஈரோனின் வாய்பாடு பயன்படும். சுற்றளவில் பாதியைச் சு எனக் கொண்டால்:

பரப்பளவு = √(சு × (சு − அ) × (சு − ஆ) × (சு − இ))

தெரிந்த உறுப்புகளும் தீர்வு முறையும்

1. மூன்று பக்கங்கள்: கொசைன் விதியால் ஒவ்வொரு கோணத்தையும் காணலாம். முதலில் மிகப்பெரிய பக்கத்துக்கு எதிரான கோணத்தைக் காண்பது நன்று. விரிகோணம் இருந்தால் அது அங்கேதான் இருக்கும்.

2. இரு பக்கங்களும் இடைப்பட்ட கோணமும்: கொசைன் விதியால் மூன்றாம் பக்கத்தையும், பின்னர் மற்றக் கோணங்களையும் காணலாம்.

3. ஒரு பக்கமும் இரு கோணங்களும்: மூன்றாம் கோணத்தைக் கழித்துப் பெற்றபின், சைன் விதியால் மற்ற இரு பக்கங்களையும் காணலாம்.

4. இரு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்படாத ஒரு கோணமும்: இது ஐயத்துக்குரிய நிலை எனப்படும். ஒரு தீர்வு, இரு தீர்வுகள், அல்லது தீர்வே இன்மை ஆகிய மூன்றும் இதில் நேரலாம்.

5. மூன்று கோணங்கள் மட்டும்: முக்கோணத்தின் வடிவம் கிடைக்குமே தவிர, அளவு கிடைக்காது. குறைந்தது ஒரு நீளத்தையாவது அளந்தாக வேண்டும்.

ஐயத்துக்குரிய நிலை

கோணம் க = 35°, பக்கம் அ = 30 மீட்டர், பக்கம் ஆ = 45 மீட்டர் எனக் கொள்வோம். சைன் விதிப்படி,

சைன் ச = 45 × 0.5736 / 30 = 0.8604

கணிப்பானில் இட்டால் ச = 59.36° என விடை வரும். ஆனால் 180° − 59.36° = 120.64° என்னும் கோணத்துக்கும் சைன் மதிப்பு அதுவே. ஆகவே இரு முக்கோணங்கள் உள்ளன. முதலாவதில் த = 85.64°, இ = 52.15 மீட்டர். இரண்டாவதில் த = 24.36°, இ = 21.57 மீட்டர். கணிப்பான் குறுங்கோண விடையை மட்டுமே தரும். களத்தில் இருப்பது எது என்பதை வேறோர் அளவாலோ நேரில் பார்த்தோ முடிவு செய்ய வேண்டும்.

நாற்கரமும் மூலைவிட்டமும்

மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் முக்கோணம் அசைவின்றி நிலைபெற்றுவிடும். நான்கு பக்கங்களின் நீளம் தெரிந்தாலும் நாற்கரம் அவ்வாறு நிலைபெறாது. நான்கு குச்சிகளை ஆணியால் இணைத்த சட்டத்தைச் சாய்த்தால், பக்கங்கள் மாறாமலே அதன் வடிவமும் பரப்பளவும் மாறுவதைக் காணலாம். குறுக்கே ஐந்தாவது குச்சியை அடித்தால் சட்டம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்து அசையாது நிற்கும். அந்த ஐந்தாவது குச்சியே மூலைவிட்டம்.

எடுத்துக்காட்டாக, கசதப என்னும் நிலத்தின் பக்கங்கள் கச = 60, சத = 40, தப = 52, பக = 45 மீட்டர் எனக் கொள்வோம். இதே பக்கங்களுடன் இரு வேறு நிலங்கள் அமையக்கூடும்.

முதல் நிலத்தில் மூலைவிட்டம் கத = 60 மீட்டர். கொசைன் விதிப்படி உச்சி ச-விலுள்ள கோணம் 70.53°. முக்கோணம் கசத-வின் பரப்பளவு 1131.4 சதுர மீட்டர். முக்கோணம் கதப-வின் பரப்பளவு 1135.4 சதுர மீட்டர். மொத்தம் 2266.8 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 56.0 சென்ட்.

இரண்டாம் நிலத்தில் மூலைவிட்டம் கத = 85 மீட்டர். உச்சி ச-விலுள்ள கோணத்தின் கொசைன் −0.4219, கோணம் 114.95°. இரு முக்கோணங்களின் பரப்பளவுகள் 1088.0, 989.7 சதுர மீட்டர். மொத்தம் 2077.7 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 51.3 சென்ட்.

(1 சென்ட் = 435.6 சதுர அடி = 40.47 சதுர மீட்டர்.)

நான்கு பக்கங்களும் ஒன்றாக இருந்தும், இரு நிலங்களுக்கும் இடையே 4 சென்டுக்கு மேல் வேறுபாடு உள்ளது. நான்கு பக்க அளவுகளை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

எதிர்ப்பக்கச் சராசரி முறையும் அதன் பிழையும்

எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைக் கண்டு அவற்றைப் பெருக்குவது, மனைகளின் பரப்பைக் கணிக்கப் பலரும் கையாளும் எளிய முறையாகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் (60 + 52)/2 = 56; (40 + 45)/2 = 42.5, பெருக்கல் 2380 சதுர மீட்டர், அதாவது 58.8 சென்ட். முதல் நிலத்துக்கு இது 2.8 சென்டும், இரண்டாம் நிலத்துக்கு ஏறத்தாழ 7.5 சென்டும் மிகையாகும்.

இப்பிழை எப்போதும் ஒரே திசையில் நிகழ்வது குறிப்பிடத்தக்கது. நாற்கரத்தை ஒவ்வொரு மூலைவிட்டத்தாலும் ஒரு முறை பிரித்தால், நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முக்கோணம் கிடைக்கும். அந்நான்கின் கூட்டுத்தொகை நாற்கரத்தின் பரப்பளவைப் போல் இருமடங்கு. ஒவ்வொரு முக்கோணத்தின் பரப்பளவும் ½ × (அடுத்தடுத்த இரு பக்கங்களின் பெருக்கல்) × (அம்மூலைக் கோணத்தின் சைன்) ஆகும். சைன் மதிப்பு 1-ஐத் தாண்டாது. எல்லா மூலைகளிலும் சைன் மதிப்பை 1 எனக் கொண்டால் கிடைப்பதே எதிர்ப்பக்கச் சராசரி முறையின் விடை. ஆகவே அம்முறை நிலத்தை ஒருபோதும் குறைத்துக் காட்டாது; நான்கு மூலைகளும் செங்கோணமாக உள்ள செவ்வகத்தைத் தவிர மற்ற எல்லா நாற்கரங்களையும் கூட்டியே காட்டும். இக்கணக்கின்படி விலை பேசப்படுமானால், இல்லாத நிலத்துக்கும் சேர்த்து வாங்குபவரே பணம் தருவார்.

இம்முறை மிகப் பழமையானது. எகிப்தின் எட்ஃபு கோயில் கல்வெட்டுகளில் நிலங்களின் பரப்பு இவ்வாறே கணிக்கப்பட்டுள்ளது. கி.பி. 628-இல் பிரம்மசுபுடசித்தாந்தத்தை இயற்றிய பிரம்மகுப்தர், இதனைத் தோராயப் பரப்பு எனப் பிரித்துக் கூறி, துல்லியப் பரப்புக்கு வேறு வாய்பாடு தந்தார். அவ்வாய்பாடு, நான்கு உச்சிகளும் ஒரே வட்டத்தின்மீது அமையும் நாற்கரத்துக்கே பொருந்தும். குறிப்பிட்ட நான்கு பக்கங்களால் அடையக்கூடிய மிகப்பெரிய பரப்பும் அதுவே. மேற்கண்ட பக்கங்களுக்கு அது 2367.1 சதுர மீட்டர். அதாவது அந்நிலத்தை எவ்வளவு சாதகமாக வளைத்தாலும் 2380 சதுர மீட்டரை எட்டாது. 12-ஆம் நூற்றாண்டில் லீலாவதியை இயற்றிய இரண்டாம் பாசுகரர், மூலைவிட்டத்தையோ செங்குத்து அளவையோ கூறாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவரையும், அதற்கு விடை கூறுபவரையும் கடிந்துரைக்கிறார்.

தமிழ்நாட்டுப் புலப்படங்கள்

தமிழ்நாட்டின் நில அளவைத் துறை ஒவ்வொரு புல எண்ணுக்கும் புலப்படம் வைத்துள்ளது. இதில் புலத்தின் எல்லைப் பக்கங்களுடன், புலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் மூலைவிட்ட அளவுகளும், வளைந்த எல்லைகளுக்கான செங்குத்து அளவுகளும் குறிக்கப்பட்டிருக்கும். பழைய படங்களில் அளவுகள் 66 அடி நீளமுள்ள குண்டர் சங்கிலியின் நூறில் ஒரு பங்கான இணுக்குகளில் இருந்தன. 1,000 சதுர இணுக்குகள் 1 சென்ட் ஆகும். பின்னர் மெட்ரிக் அளவுகள் பயன்பாட்டுக்கு வந்தன.

புலப்படம் நீளங்களையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே ஒரு மூலையின் கோணம் தேவைப்படும் போது, மூன்று பக்கங்கள் தெரிந்த நிலையில் கொசைன் விதியால் அதனைக் கணித்துக்கொள்ள வேண்டும். சுற்றுச்சுவர் எழுப்பவோ, கட்டட வரைபடத்தை நிலத்தோடு பொருத்தவோ இது பயன்படும்.

எல்லைக்கல் காணாமற்போன இடத்திலும் இதே முறை உதவும். இருக்கின்ற இரு கற்களிலிருந்து காணாமற்போன கல்லுக்குள்ள தொலைவுகள் புலப்படத்தில் கிடைத்தால், மூன்று பக்கங்களும் தெரிந்த முக்கோணம் அமைகிறது. இரு கற்களையும் மையமாகக் கொண்டு நாடாவால் வில்கள் வரைந்தால், அவை கோட்டின் இருபுறமும் ஒவ்வோர் இடத்தில் வெட்டிக்கொள்ளும். எந்தப் புறம் என்பதைப் படம் காட்டிவிடும்.

நிலம் வாங்குவோர் நான்கு பக்கங்களுடன் ஒரு மூலைவிட்டத்தையும் நாடாவால் அளந்து, இரு முக்கோணங்களுக்கும் ஈரோனின் வாய்பாட்டைப் பயன்படுத்தினால், நேர்கோட்டு எல்லைகளை உடைய நாற்கர நிலத்தின் பரப்பைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது மூலைவிட்டத்தையும் அளந்தால் அளவீட்டுப் பிழைகளும் வெளிப்பட்டுவிடும்.

எட்ட இயலாத தொலைவு

வாலாஜாபாத்துக்குத் தெற்கே பாலாறு ஓடுகிறது. நீர் வரும் காலத்தில் ஆற்றில் இறங்காமல் மறுகரைத் தொலைவைக் காண வேண்டும் எனக் கொள்வோம். வடகரையில் 400 மீட்டர் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தென்கரையிலுள்ள ஒரு மரத்தைக் கோணமானியால் நோக்க வேண்டும். கோட்டுடன் அமையும் கோணங்கள் 72°, 65° எனில், மரத்திலுள்ள கோணம் 180° − 137° = 43°. சைன் விதிப்படி, 72° கோணமுள்ள முனையிலிருந்து மரத்துக்குள்ள தொலைவு

400 × சைன் 65° / சைன் 43° = 531.6 மீட்டர்.

கோட்டிலிருந்து மரத்துக்குள்ள செங்குத்துத் தொலைவு 531.6 × சைன் 72° = 505.5 மீட்டர். (இவை எடுத்துக்காட்டு எண்களே, ஆற்றின் உண்மையான அகலம் அன்று.)

முக்கோணத்தின் வடிவம் விடையின் துல்லியத்தைப் பாதிக்கும். சைன் விதியில் வகுக்கும் இடத்திலுள்ள 43° கோணத்தில் 1 நிமிடம் (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு) பிழை நேர்ந்தால், தொலைவில் ஏறத்தாழ 0.03 விழுக்காடு பிழை உண்டாகும். அக்கோணம் 5° மட்டுமே எனில், அதே 1 நிமிடப் பிழை ஏறத்தாழ 0.33 விழுக்காடாகப் பெருகிவிடும். ஆகையால் மிகக் கூரிய கோணமுள்ள முக்கோணங்களை நில அளவையாளர்கள் தவிர்ப்பர்.

வரலாறு

கொசைன் விதிக்கு இணையான வடிவியல் கூற்றுகள் யூக்ளிடின் எலிமெண்ட்சு நூலின் இரண்டாம் புத்தகத்தில் உள்ளன. அரை நாணின் அளவாகிய சைன் மதிப்புகளின் அட்டவணையை ஆரியபட்டர் கி.பி. 499-இல் தந்தார். அவர் பயன்படுத்திய சியா, சீவா என்னும் சொற்கள் அரபு மொழி வழியாகத் திரிந்து இலத்தீனில் சைனசு என மொழிபெயர்க்கப்பட்டதிலிருந்தே சைன் என்ற பெயர் வந்தது. தள முக்கோணங்களுக்கான சைன் விதியை 13-ஆம் நூற்றாண்டில் நசீருத்தீன் அல்-தூசி முறையாக விளக்கினார். முக்கோணங்களின் தொடரால் நாட்டை அளக்கும் முறையை 1533-இல் கெம்மா பிரிசியசு முன்மொழிந்தார்.

இந்தியாவில் இம்முறையின் மாபெரும் பயன்பாடு, இன்றைய ஒரகடத்திலிருந்து சிறு தொலைவிலேயே தொடங்கியது. 1802 ஏப்பிரல் 10 அன்று வில்லியம் லாம்டன், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 7.5 மைல் (12 கிலோமீட்டர்) நீளமுள்ள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். நேரடியாக அளக்கப்படும் முதல் பக்கமே அடிக்கோடு எனப்படும். அதன் பின் கோணங்களை மட்டும் அளந்து, சைன் விதியால் புதிய பக்கங்களைக் கணித்து, அவற்றை அடுத்த முக்கோணங்களின் அடிக்கோடுகளாகக் கொண்டு அளவை முன்னேறியது. 1804-இல் பெங்களூரில் மற்றோர் அடிக்கோடு நேரடியாக அளக்கப்பட்டது. பரங்கிமலையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணித்த நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு 4 அங்குலத்துக்கும் குறைவு.

மலைகளில்லாச் சமவெளிகளில் கோயில் கோபுரங்கள் அளவை நிலையங்களாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றப்பட்டபோது, அரை டன் எடையுள்ள கோணமானி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதனைச் சீராக்கிப் பணியைத் தொடர்ந்தார். 1823-இல் அவர் இறந்தபின் சியார்ச் எவரெசுட்டு பொறுப்பேற்றார். இவ்வளவை இமயம் வரை நீண்டது. இராதாநாத் சிக்தாரின் கணிப்புகளின் வழியே, 15-ஆம் சிகரம் எனக் குறிக்கப்பட்டிருந்த மலையே உலகில் உயரமானது எனத் தெரியவந்தது. அதன் உயரம் 29,002 அடி என 1856-இல் அறிவிக்கப்பட்டது.

இத்தகைய பெரிய முக்கோணங்களில் புவியின் கோள வடிவத்தையும் கருத வேண்டும். அவற்றின் கோணக் கூட்டுத்தொகை 180°-ஐ விடச் சற்று மிகும். ஏறத்தாழ 196 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு 1 விநாடி (ஒரு நிமிடத்தில் 60-இல் ஒரு பங்கு) என்பதே அம்மிகை. வயல், மனை அளவில் இதனைப் புறக்கணிக்கலாம்.

தொழிற்சாலைகளில் பயன்பாடு

வாகனத் தொழிற்சாலைகளில் பற்றவைப்புக்கும் வண்ணப்பூச்சுக்கும் பயன்படும் இயந்திரக் கைகள் இயங்கவும் இதே கணக்கு தேவைப்படுகிறது. தோள் முதல் முழங்கை வரை 1.2 மீட்டரும், முழங்கை முதல் மணிக்கட்டு வரை 1.0 மீட்டரும் உள்ள கை, தோளிலிருந்து 1.5 மீட்டர் தொலைவிலுள்ள புள்ளியைத் தொட வேண்டும் எனில், மூன்று பக்கங்களும் தெரிந்த முக்கோணம் கிடைக்கிறது. கொசைன் விதிப்படி முழங்கைக் கோணம் 85.5°. முழங்கை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடங்கலாம் என்பதால் இங்கும் இரு நிலைகள் உள்ளன. காணாமற்போன எல்லைக்கல்லுக்கு இரு இடங்கள் கிடைப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. தடைகள் இல்லாத நிலையைக் கட்டுப்பாட்டு நிரல் தேர்ந்தெடுக்கும்.

இவற்றையும் பார்க்க

முக்கோணவியல்
பிதாகரசு தேற்றம்
ஈரோனின் வாய்பாடு
பிரம்மகுப்தர்
நில அளவை
வில்லியம் லாம்டன்